ஒன்று பை பன்னிரண்டு

கஜபதி இன்னும் வரவில்லை. கோபத்தில் இருக்கிற வாடிக்கையாளர் நேரத்துக்கு வரமாட்டார், நம்மை உட்காரவைத்து வேகவைத்துவிட்டுத்தான் வருவார், காஸ் ஏஜென்சி நடத்துகிறவருக்கு அதையெல்லாம் சொல்லியா தர வேண்டும். ஏசி சொட்டுகிறது. அதற்கடியில் யாரோ காலி பெயின்ட் டப்பாவை வைத்திருக்கிறார்கள், டொக் என்கிறது, வெகுநேரம் சும்மா இருக்கிறது, சரி நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி டொக். மேஜையின் அந்தக் கோடியில் எங்கள் மேனேஜர் சந்தானம் சார் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், படிக்கிறமாதிரி. எனக்கு இடது பக்கம் ஹெலன். எதிரே அத்தனை நாற்காலி காலியாக இருந்தும் வழக்கம்போல என் பக்கத்து நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சாப்பாட்டுக் கூடையைக் காலடியில் வைத்தாள், "தண்ணி வேணுமாடி" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்கே ஆச்சரியம். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. காலையில் நான் உள்ளே நுழைந்ததுமே சார் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, "தமயந்தி, கோட்டை எடுக்கச் சொன்னதே நீங்கதானாமே, ஹெலன் சொல்றாங்க" என்றார். கோடு என்றால் கதவு எண்ணுக்கு நடுவில் வருகிற சாய்ந்த கோடு. அதை எடுத்ததால்தான் ராஜாபாதர் என்கிற தையற்காரர் வலது கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நான் சொல்லவில்லை. எடுக்காதே என்றுதான் சொன்னேன். இதை சாரிடமும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, கஜபதி வரட்டும், எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்" என்றார். உட்கார்ந்திருக்கிறோம். டொக்.

பெரிய விஷயமே இல்லை, ஒரு குழந்தைக்குச் சொன்னால்கூடப் புரியும், அதுதான் வயிற்றெரிச்சல். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு இரண்டு எண். கார்ப்பரேஷன் புது எண் கொடுத்தது, யாரும் பழசை விடவில்லை, வாசலில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு இழுத்துவிட்டார்கள், கேட்டால் ஒண்ணு பை பன்னெண்டு என்பார்கள், பதினொண்ணு பை ரெண்டு என்பார்கள். மனிதருக்கு அது எண். கம்ப்யூட்டருக்கு அது சுவர். கோப்பின் பெயரில் அந்தக் கோட்டைப் பார்த்தால், ஓ, ஒன்று என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பன்னிரண்டு என்று ஒரு கோப்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்க்கும், அப்படி ஒரு ஃபோல்டரே இருக்காது, முட்டிக்கொண்டு நிற்கும். அதிலும் எங்கள் மேஜையில் இருக்கிற விண்டோஸில் கோடு ஒரு பக்கம் சாயும், சர்வரில் இருக்கிற லினக்ஸில் இன்னொரு பக்கம் சாயும், விண்டோஸ் பெருந்தன்மையாக இரண்டையும் ஒத்துக்கொள்ளும், லினக்ஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் சொல்வேன், புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், என்னைக் கண்டாலே கோடு மேடம் வருது என்று கேலி செய்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்: கோப்பு இருக்கிற பாதையைக் கையால் ஒட்டாதே, ஒட்டுவதற்கென்றே எழுதிவைத்த ஃபங்ஷன் இருக்கிறது, அதைக் கூப்பிடு. ஆள் தட்டுகிற எதையும் அப்படியே கோப்புப் பெயராக வைக்காதே, கோப்புக்கு நீயாக ஒரு எண் கொடு, ஆள் சொன்ன பெயர் விவரங்கள் இருக்கிற டேபிளில் அவர் சொன்னபடியே இருக்கட்டும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதன்மேல் எழுதாதே, நின்று கேள். இவ்வளவுதான். ஏஜென்சி ஆட்கள் வீடு வீடாகப் போய் நாங்கள் எழுதிக்கொடுத்த ஆப்பில் அடுப்பு ரப்பர் குழாயைப் போட்டோ எடுப்பார்கள், தெருவின் பெயரில் ஃபோல்டர், கதவு எண்ணில் படம். கோட்டை எடுத்துவிட்டால் ஒன்று பை பன்னிரண்டும் நூற்றுப்பன்னிரண்டு, பதினொன்று பை இரண்டும் நூற்றுப்பன்னிரண்டு. எல்லப்ப முதலி தெருவில் ராஜாபாதர் வீடு ஒன்று பை பன்னிரண்டு. குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது, படம் எடுத்தார்கள். சாயங்காலம் அதே தெருவில் பதினொன்று பை இரண்டில் போன வாரம் வாங்கின புத்தம்புது ஆரஞ்சுக் குழாயைப் படம் எடுத்தார்கள். அது இதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஏஜென்சி ஆபீஸில் இருக்கிற பெண் ராஜாபாதர் வீட்டைத் திறந்து பார்த்தாள், பளபளவென்று புதுக் குழாய், சரி என்று போட்டாள். திங்கட்கிழமை அவர் டீ போடப் போனார்.

ஹெலன் போன் பண்ணின அன்று நான் திருநெல்வேலியில் இருந்தேன், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுக்கு நடுவே ஒரு கம்பி துருத்திக்கொண்டிருந்தது, அதில் உட்கார முடியாமல் எழுந்து நடந்துகொண்டேதான் பேசினேன், ஒரு பக்கம் பினாயில் வாசனை, ஒரு பக்கம் யாரோ பிரித்த அல்வாப் பொட்டலம். "தமா, போட்டோ சேவ் ஆகமாட்டேங்குது, நாளைக்கு டெமோ, கதவு எண்ல ஸ்லாஷ் வந்தா செத்துடுது" என்றாள். "எடுத்துடாதே" என்றேன். அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன், ஏனென்றால் ஹெலன் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், முடிச்சு விழுந்தால் அவிழ்க்கமாட்டாள், கத்தரிக்கோல் தேடுவாள். "படத்துக்கு நாமளா ஒரு நம்பர் குடுத்துடு, கோட்டைத் தொடாதே." அவள், "இன்னிக்கு மட்டும் எடுத்துட்டு ஓட்டிடறேன்டி, நீ வந்ததும் ஒழுங்கா பண்ணிடலாம்" என்றாள். "வேண்டாம் ஹெலன்." அதற்குள் அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், கண்ணில் கட்டோடு என் பெயரைச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள், போனை வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா. இல்லை, சொன்னேன். அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனது எனக்கு நினைவிருக்கிறது, எதிரே நின்ற நர்ஸ் தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பார், காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அந்த நர்ஸை இழுத்துவந்து என் பக்கம் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னவள் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள், நிஜம் சொன்னவள் தன் நினைவையே தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊரிலிருந்து வந்த அன்றே கேட்டேன், பேன்ட்ரியில், டம்ளர் கழுவிக்கொண்டே, "அந்தக் கோட்டைச் சரிபண்ணிட்டியா?" "பண்ணிட்டேன்டி" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். பண்ணிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் அரிக்கிறது. இப்போது சொல்கிற பொய்யை விட அதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் திறந்து பார்த்திருப்பேன். ஹெலன் சொன்னாள். ஹெலன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது என்பது என் புத்தியில் இல்லாத காரியம், அவள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துச் சாப்பிடுவதுமாதிரி. மாற்றியது தான்தான் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள், யார் எப்போது மாற்றினார்கள் என்று புரோகிராமிலேயே பதிவாகியிருக்கிறது, மறைக்க முடியாது. சொன்னது நான் என்கிறாள். போனில் பேசியது எதில் பதிவாகும்.

பயந்திருப்பாள். அதைத்தான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நேற்று சாயங்காலம்தான் சேதி வந்தது, ராஜாபாதர் கையில் கட்டுப் போட்ட படத்தை சார் எல்லோருக்கும் காட்டினார், நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன், ஹெலன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலை சார் திடுதிப்பென்று கூப்பிட்டிருப்பார், உட்கார்வதற்குள் யார் என்று கேட்டிருப்பார், வாயில் என் பெயர் வந்திருக்கும். ஏன் வராது, எதற்கெடுத்தாலும் அந்தப் பெயரைத்தான் சொல்லிப் பழக்கம், பேனா எங்கே என்றால் தமா, கண்ணாடி எங்கே என்றால் தமா. பயத்தில் வந்துவிட்ட வார்த்தை. கஜபதி முன்னால், என் முகத்துக்கு நேரே, சொல்லமாட்டாள். இல்லை சார், நான்தான் அவசரத்தில் எடுத்துட்டேன், அவ வேண்டாம்னுதான் சொன்னா என்பாள். அப்படி மட்டும் சொல்லிவிட்டால் போதும், வேலை போனால் போகட்டும், நான் அவளுக்காக சாரிடம் மல்லுக்கு நிற்பேன், நிற்பேன், சத்தியமாக. அவள் மட்டும் அதைச் சொல்லட்டும். அவளுடைய மகள் ப்ளஸ் டூ. கணவர் துபாயில், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. எனக்குக் குழந்தை இல்லை. ஓ. அப்படி யோசித்திருப்பாளோ. இவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா, இவள் போனால் சமாளித்துக்கொள்வாள் என்று. குழந்தைக்காக நான் ஒவ்வொரு டாக்டராக அலைந்தபோது கூட வந்தது யார், ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டு வந்தது யார். அந்தக் கையா இப்படிக் கணக்குப் போடும். சீ, என் புத்தி எங்கெங்கே போகிறது. அவள் புடவையில் வழக்கமான டால்கம் பவுடர் வாசனைதான் வருகிறது, வேறொன்றும் இல்லை. இன்று புதன்கிழமை, ஹெலனுக்கு மீன் நாள், இந்த மூடின அறைக்குள் கூடையைக் கொண்டுவந்தால் சார் எப்போதும் மூக்கைச் சுளிப்பார், இன்று சுளிக்கவில்லை, அவருக்கும் கவலை. அவளுடைய டப்பாவுக்கு நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் மீன் வறுவல், இன்னொரு பக்கம் எனக்கு ஏதாவது காய். சைவக்காரி, உனக்குன்னு தனிக் கரண்டிடி என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்ததில்லை. அந்தத் தடுப்பின் அருமை தெரிந்தவள்தான் கோட்டைப் பிடுங்கி எறிந்தாள்.

கதவு திறக்கிறது. கஜபதிதான். நான் நினைத்தமாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வரவில்லை, கழுத்தெல்லாம் வியர்வை, சட்டையில் கரி, கையில் ஒரு துண்டுக் குழாய். வேண்டுமென்று தாமதிக்கவில்லை, வீடுகளுக்குப் போயிருக்கிறார். நான் அனுப்பிய வீடுகளுக்கு. காலையில் சார் அறையிலிருந்து வந்ததும், கண் எரிந்துகொண்டிருந்தபோதே, அதைத்தான் முதலில் செய்தேன், முகவரி டேபிள் அப்படியேதான் இருந்தது, கோட்டை எடுத்தால் எந்தெந்த வீடுகள் ஒன்றாகின்றன என்று ஓட்டிப் பார்த்தேன், வேறு தெருக்களிலும் வந்தன, யாரையும் கேட்காமல் ஏஜென்சிக்கு அனுப்பினேன், உடனே போய்ப் பாருங்கள் என்று. வந்தவர் உட்காராமல் அந்தத் துண்டுக் குழாயை மேஜைமேல் வைத்தார். வளைத்தால் வாய் பிளக்கிறது. "இது வேற ஒரு வூட்ல இருந்தது. சின்னப் புள்ளைங்க ரெண்டு தரையில உக்காந்து படிச்சினு இருக்குது, பக்கத்துல இது. நானே கழட்டினேன்" என்றார். என் தோளில் இருந்து ஏதோ இறங்கினமாதிரி இருந்தது, அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாது, இருந்தும் இறங்கினமாதிரி இருந்தது. "சரி, இப்ப சொல்லுங்க. யார் பாத்த வேலை இது?" சார் ஹெலனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திரும்பி, நன்றாக, கண்ணைப் பார்த்தேன். சொல்லுடி. அவளும் என்னைப் பார்த்தாள், அப்புறம் குழாயைப் பார்த்தாள், குழாயைப் பார்த்துக்கொண்டே, "மாத்துனது நான்தான் சார். ஆனா இந்த விஷயத்துல தமயந்தி சொல்றதைத்தான் நாங்க எல்லாருமே கேப்போம். அவங்க ஊர்ல இருந்தாங்க, போன்ல கேட்டேன், எடுத்துடுன்னாங்க" என்றாள். அவங்க. எடுத்துடுன்னாங்க. இத்தனை வருஷ 'டி' ஒரு நொடியில் போய் 'அவங்க' வந்துவிட்டது. டொக் என்றது டப்பா. "நான் சொல்லலை" என்றேன். "எடுக்காதேன்னுதான் சொன்னேன். வந்து கேட்டப்போ சரிபண்ணிட்டேன்னு சொன்னா." ஹெலன் அழுகிறமாதிரி உதட்டை மடித்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலிருப்பது நன்றாக எடுபட்டது. கஜபதி என்னையே பார்த்தார். "காலைல அந்த வூட்டு நம்பருங்கள அனுப்புனது நீங்கதானேம்மா?" ஆமாம் என்றேன். நல்லது சொல்லப்போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், எவ்வளவு பைத்தியக்காரி. "எங்க தப்பு நடந்திருக்கும்னு கரெக்டா தெரிஞ்சிருக்குது. ஒரு மணி நேரத்துல எடுத்துட்டீங்க. அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்." தெரியும்தான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, தெரியாமலா. அந்தக் கோட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அதனால் எடுக்கச் சொன்னதும் நான்தானாம். எனக்குத் தெரியும், அதனால்தான் எடுக்காதே என்றேன் என்று சொன்னேன், சொல்லும்போதே அது சமாளிப்புமாதிரி என் காதிலேயே விழுந்தது. சார் தொண்டையைச் செருமினார். "தமயந்தி, நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்க. விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம். சரிபண்ற வேலையை ஹெலன் பாத்துக்கட்டும்." எதை ஒழுங்காகச் செய்யச் சொன்னேனோ அதை இனிமேல் அவள் செய்வாள், நான் சொன்னபடியே செய்வாள், நன்றாகச் செய்துவிட்டாள் என்பார்கள். கஜபதி குழாயை எடுத்துக்கொண்டார். "ராஜாபாதர் கை இனிமே கத்தரி புடிக்குமான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் கையைப் பற்றி இந்த அறையில் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

மேஜையைக் காலிசெய்ய என்ன இருக்கிறது, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, தலைவலித் தைலம். பேன்ட்ரியில் டம்ளர் இருக்கிறது, அதை எடுக்கத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. ஹெலன் அங்கே உட்கார்ந்திருந்தாள், எங்கள் இடத்தில், ஜன்னலோரம், கூடையைப் பிரிக்காமல். யாருமில்லை. "சாப்பிட்டுட்டுப் போடி" என்றாள். மறுபடி 'டி' வந்துவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டிருக்கலாம். கால் வரவில்லை. இன்னும் எனக்குள் ஒரு மூலையில் அந்த நப்பாசை உட்கார்ந்திருந்தது, இப்போது சொல்வாள், தனியாக இருக்கிறோம், பயந்துட்டேன்டி, திடீர்னு கேட்டார், வாயில வந்துடுச்சு என்பாள், அதைக் கேட்டுவிட்டால்கூடப் போதும், வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மன்னித்துவிடுவேன். ஆமாம், அவ்வளவு மானங்கெட்டவள் நான், அவள் விஷயத்தில். "பயந்துட்டேன்டி" என்றாள். "காலைல போனதும் போகாததுமா கேட்டார். என்ன சொல்றேன்னே தெரியல. வாயில வந்துடுச்சு." ஏறக்குறைய நான் நினைத்த அதே வார்த்தைகள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மளமளவென்று டப்பாவைத் திறந்தாள், தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்குத் தெரிகிறமாதிரித் திருப்பி என் பக்கம் தள்ளினாள். ஒரு பக்கம் மோர்க்குழம்பு. இன்னொரு பக்கம், மீன் இருக்க வேண்டிய பக்கத்தில், சேப்பங்கிழங்கு வறுவல். எனக்குப் பிடித்தது. புதன்கிழமை. "உனக்குத்தான்டி பண்ணினேன்" என்றாள், சொன்னதன் அர்த்தம் அவளுக்கே புரியாமல். நான் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேப்பங்கிழங்கை முதலில் மண் போகக் கழுவ வேண்டும். குழையாமல் வேகவைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகத் தோலுரிக்க வேண்டும், கை வழுக்கும், அரிக்கும். வட்டம் வட்டமாக நறுக்கி, காரம் புரட்டி, ஊறவைத்து, அப்புறம் சின்னத் தீயில், அடுப்பை விட்டு நகராமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் அங்கே நின்றிருக்கிறாள், சார் இன்னும் கூப்பிடாத காலையில், என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு.